புது வீட்டு அலங்காரத்துக்கு யோசனை எங்கிருந்து எடுப்பது?

கழனிவாசல் புதுவீடு:
காரைக்குடியில் வீட்டு வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. உள் அலங்காரம் செய்பவர் போனில் படம் படமாகக் காட்டுகிறார். எல்லாவற்றிலும் சாம்பல் சுவர், வெள்ளை சோபா. அழகுதான், ஆனால் எந்த ஊர் வீடு என்றே தெரியவில்லை. தினமும் கண்ணில் படுகிற சாமான்களிலிருந்தே நிறமும் வடிவமும் எடுக்கலாம் என்கிறார் என் மனைவி. அது ஒரு வீட்டுக்குக் காணுமா? பழைய வீட்டுத் தூண் இரண்டு வாங்கி நிறுத்தலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி தம்பி. அலமாரியில் கண்டாங்கிச் சேலை ஒன்று இருக்கும், எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அரக்குச் சிவப்புக் கட்டம், பக்கத்தில் கடுகு மஞ்சள், நடுவே கறுப்புக் கோடு, கையகலக் கரை. எல்லாமே எடுப்பான நிறம், ஆனாலும் ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் அந்தக் கறுப்பு நூல் ஓடிப் பிரித்து வைப்பதுதான் காரணம். இதை அப்படியே கூடத்துக்குக் கொண்டு வரலாம். மஞ்சள் சுவர், சிவப்புத் தரை, இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பு பார்டர். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது, நாம் இன்னும் மடித்தே வைத்திருக்கிறோம்.

கொட்டான் கூடையும் அப்படித்தான். பனங்குருத்து ஓலைக்குச் சாயம் ஏற்றிப் பின்னி, விளிம்பில் பாசிமணி கோத்தது. கல்யாணத்தில் சபைக்கு வந்துவிட்டு நேராகப் பரணுக்குப் போய்விடுகிறது. நாலைந்தைச் சேர்த்துச் சுவரில் மாட்டினால் தனியாகப் படம் எதற்கு?

ரஸ்தாக்காரன்:
ஆச்சி, மரியாதையோடு மறுக்கிறேன். நம் செட்டிநாட்டு ஐயாக்கள் பரணைப் பார்த்தா வீடு கட்டினார்கள்? தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவரில் ஒட்டிய பூ ஓடு ஜப்பானிலிருந்து. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள், அங்கே மனசுக்குப் பிடித்ததையெல்லாம் கப்பலில் ஏற்றினார்கள். கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாய் சுதை நிற்கிற முகப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெளியே பார்த்து ஆசைப்பட்டுக் கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். அன்றைக்குக் கப்பல், இன்றைக்குப் போன். வீட்டுக்குள் இருப்பதையே எடுத்து மாட்டினால் புதுசாக என்ன வரும்?

பள்ளத்தூர் ஆச்சி:
ஆசைப்பட்டார்கள், யார் இல்லை என்றது? ஆனால் கப்பலில் வந்தது சாமான்தான். வீடு இங்கே நடந்த பிழைப்பைப் பார்த்துக் கட்டியது. முற்றம் எதற்கு? நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழைத்தண்ணீர் இறங்க, வத்தல் வடகம் காய, வெக்கை மேலே போக. வளவை, அதாவது முற்றமுள்ள உள்கட்டைச் சுற்றி அறைகள் எதற்கு? கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று வேண்டும் என்பதற்கு. சுவர்ப்பூச்சுக்குச் சேர்த்த சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் நம் அடுப்படியிலும் சந்தையிலும் கிடைக்கிறவை. சித்திரை வெயிலிலும் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். பெல்ஜியம் கண்ணாடி இல்லாவிட்டாலும் அது செட்டிநாட்டு வீடுதான். முற்றத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாட்டினால் அந்தச் சுகம் வராது.

ரஸ்தாக்காரன்:
சரி, ஆனால் இன்றைய மனையில் முற்றத்துக்கு இடம் ஏது? இவர் கேட்டது கூடத்து அலங்காரம்.

கல் பதிக்கிறவன்:
தொழில்காரனாக ஒரு வார்த்தை. நான் ஆச்சி பக்கம். வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றும் பட்டறை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடி, அதன் மேல் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு குழியிலும் சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை அசையாமல் தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் பச்சை போய்ச் சிவப்பில் கலந்துவிடும். அதன் மேல் காய்ந்த மணல், சிமெண்டுக் கலவையைத் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதற்கு மேல் சாந்து. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி விட்டுவிடும். சூளையில் போடுவதே இல்லை, அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

போகும்போது அந்தச் சேலையைக் கையோடு கொண்டு போங்கள். நிறத்தைப் பார்த்துக் கலந்து ஊற்றித் தருவார்கள். இப்போது போன் படத்தைக் காட்டிக் கேட்பவர்கள்தான் அதிகம், அவர்கள் கேட்பது பெரும்பாலும் சாம்பல் முக்கோணம்.

ரஸ்தாக்காரன்:
சாம்பல் முக்கோணத்திலும் பட்டறைக்கு வேலை கிடைக்கிறதே தம்பி! பழைய பூவை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் இளசுகள் எல்லாம் விட்ரிஃபைடு டைல்ஸ் கடைக்குப் போய்விடும்.

அப்புறம் தூண். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் பிரித்த வீட்டு மரம். நாம் எடுக்காவிட்டால் லாரி ஏறி வெளியூர் ஹோட்டலுக்குப் போய்விடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
தூண் மட்டும் வேண்டாம் தம்பி, கேட்டுக்கொள்கிறேன். வாங்க ஆள் இருப்பதால்தான் வீடு பிரிகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் நிலைக்கதவை விற்றுவிட்டு, அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒழுகுகிற ஓட்டை மாற்றக் கையெழுத்துக் கேட்டால் வருஷம் ஓடும், கழற்றி விற்க என்றால் உடனே சம்மதம் வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் வந்து கதவைக் காக்காது, நாம்தான் காக்க வேண்டும்.

ரஸ்தாக்காரன்:
ஆச்சி, பூட்டிக் கிடந்து செல்லரிக்கப்போகிற தூணை என் வீட்டில் எண்ணெய் தடவி நிறுத்தியிருக்கிறேன். என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். அந்த மரத்துக்கு இதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது. இந்த விஷயத்தில் நான் மாறமாட்டேன்.

கழனிவாசல் புதுவீடு:
எல்லோருக்கும் நன்றி. மனைவியின் கண்டாங்கியை வைத்தே கூடத்துக்குக் கல் ஊற்றச் சொல்லப் போகிறோம். தூணை விட்டுவிட்டோம். அந்த அடைத்த வாசலைப் படித்த பிறகு மனசு வரவில்லை, ரஸ்தா அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெரிய கண்ணாடி ஒன்று மட்டும் போனில் பார்த்த மாதிரியே வாங்குகிறோம். சமையலறைக்கும் இதே கல் போடலாமா?

கல் பதிக்கிறவன்:
அடுப்படிக்கு வேண்டாம் அண்ணே. புளித்தண்ணீர், எலுமிச்சை பட்டால் கறை பிடிக்கும். கூடத்திலும் ஆசிட் ஊற்றிக் கழுவ யாரையும் விடாதீர்கள், மேல் நிறம் அரித்துவிடும். பதித்த புதிதில் சிமெண்டுத் தூசியால் மங்கலாகத்தான் தெரியும். பாலிஷ் மெஷின் வைக்கச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். தண்ணீரில் துடைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். நடக்க நடக்க மெருகு ஏறிவிடும்.