கடலுக்கு அடியில் செம்புக் கத்தியா? ஊரியர் இனம் பற்றிய விவாதம்

பனிக்கடல்:
நாம் எல்லோரும் சேர்ந்து கதை எழுதும் பொதுப் பிரபஞ்சத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஊரியர் இனத்தின் கீழே உலைக்களம் சார் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை அப்படியே தருகிறேன்: "தீ மூட்டத் தெரியாத இனம் விண்கலம் கட்டாது. தண்ணீருக்குள் அறிவுள்ள இனம் என்பது சிறுபிள்ளைக் கதை. பட்டியலிலிருந்து நீக்குங்கள்."

படிக்காதவர்களுக்குச் சுருக்கம். வியாழனின் யூரோப்பாவைப் போன்ற ஒரு நிலா. மேலே பல கிலோமீட்டர் தடிமனில் பனி ஓடு, கீழே நம் பெருங்கடல்களைவிடப் பல மடங்கு ஆழமான கடல். அதன் தரையில் வாழ்பவர்கள் ஊரியர். ஆக்டோபஸின் நரம்பு அமைப்பை அடிப்படையாக வைத்து எழுதினேன். ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பு செல்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. அதனால் ஊரியர் ஒருவர் முடிவெடுப்பதே அவருடைய எட்டுக் கைகளும் கூடிப் பேசுவது மாதிரி. இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சாருக்குக் கண்ணில் பட்டது ஒரு செம்புக் கத்தி மட்டும்.

உலைக்களம்:
நீக்கச் சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். கோவையில் வார்ப்பாலையில் வேலை பார்ப்பவன் நான், உலோகத்தைப் புத்தகத்தில் பார்த்தவன் இல்லை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1538. உங்கள் ஊரியர் கையில் செம்புக் கத்தி இருக்கிறது. யார் உருக்கினார்கள், எதில் உருக்கினார்கள், என்ன எரிபொருள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எட்டுக் கையைப் பற்றிப் பேசுங்கள்.

பனிக்கடல்:
கடலடி வெந்நீர் ஊற்றுகள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா சார்? 1977இல் காலபகோஸ் அருகே கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து கிழக்குப் பசிபிக் முகட்டில் கரும்புகை ஊற்றுகளையே பார்த்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் 400 டிகிரியைத் தொடுகிறது, மேலே இருக்கும் அழுத்தத்தால் கொதித்து ஆவியாவதும் இல்லை. வெள்ளீயம் 232இல் உருகும், காரீயம் 327இல் உருகும். ஆக, கடலுக்குள் உலோகம் உருகும். சிறுபிள்ளைக் கதை எழுதுவது யார்?

உலைக்களம்:
400 எங்கே, 1085 எங்கே? நான் கேட்டது செம்பு, நீங்கள் ஈயத்தைக் காட்டுகிறீர்கள்.

ஈயமும் நடக்காது. அந்த ஊற்றில் காரீயம் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, கந்தகத்தோடு கட்டிக்கொண்டு கலீனா தாதுவாக இருக்கிறது. அதைக் காற்றில் வறுத்துக் கந்தகத்தைப் போக்கி, கரி சேர்த்துச் சுட்டால்தான் ஈயம் வெளியே வரும். உருக்குவது வேறு, தாதுவிலிருந்து பிரிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு இனத்துக்கே தொழில்நுட்பம் எழுதியிருக்கிறீர்கள்.

முத்துக்குளி:
தூத்துக்குடிக்காரன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்போம். அப்பா சங்கு குளித்தவர். வலையில் வந்ததைப் படகில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை வழியாக உடம்பைப் பிசைந்து பிசைந்து பாதி வெளியே போயிருக்கும். அதற்கு அறிவு இல்லை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார். இந்தோனேசியாவில் ஒரு வகை உடைந்த தேங்காய் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் வீடாக்கிக்கொள்கிறது என்று 2009இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

என் சந்தேகம் வேறு. பெண் முட்டையிட்டால் தின்னாமல் காவல் காத்து, குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செத்துப்போகும். பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பனிக்கடல் தம்பி இதை எங்கேயும் எழுதவில்லையே. இதை விட்டுவிட்டுச் செம்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

உலைக்களம்:
அண்ணே, ஆயுளை ஆசிரியர் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊரியர் நூறு வருடம் வாழ்வார், பாட்டி பேரனுக்குச் சொல்லிக் கொடுப்பாள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. உயிரினம் நம் கற்பனை. செம்பு உருகும் சூடு யாருடைய கற்பனையும் இல்லை. எந்த நிலாவுக்குப் போனாலும் 1085தான். அதனால்தான் அதைப் பிடித்துத் தொங்குகிறேன்.

மூன்றாம் நிலா:
அறிவு என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்று யாராவது முதலில் சொல்லுங்கள். விண்கலம் கட்டினால்தான் அறிவா? பாலினேசியர்கள் ஒரு துண்டு உலோகம்கூட இல்லாமல் பசிபிக் முழுவதும் கடந்து ஹவாய், நியூசிலாந்து வரை போய்க் குடியேறினார்கள். மாயாக்கள் கல் கருவிகளை வைத்துக்கொண்டே வெள்ளிக் கோளின் 584 நாள் சுற்றைக் கணக்குப் போட்டார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரியர் தோலின் நிறத்தை மாற்றிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் பனிக்கடல். பல கிலோமீட்டர் பனிக்குக் கீழே கும்மிருட்டு. யார் பார்ப்பார்கள்? ஆக்டோபஸின் உறிஞ்சிகளுக்குத் தொட்டே சுவை அறியும் திறன் இருக்கிறது. தொட்டும் சுவைத்தும் பேசுகிற மொழி என்று வைத்திருந்தால் இந்த இனமே வேறு உயரத்துக்குப் போயிருக்கும். பொய் சொல்ல வேண்டுமென்றால் வாயை மூடினால் போதாது, உடம்பின் சுவையையே மறைக்க வேண்டும். அதில் எத்தனை கதை இருக்கிறது!

உலைக்களம்:
பாலினேசியர் சமைத்துச் சாப்பிட்டார்கள் மேடம். மாயாக்கள் சுண்ணாம்பு சுட்டுக் கோயில் கட்டினார்கள். உலோகம் இல்லாவிட்டாலும் இரண்டு பேரிடமும் தீ இருந்தது. நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. சமைத்த சாப்பாடுதான் அதற்குத் தீனி போட்டது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது.

கரும்புள்ளி:
பனிக்கடலுக்கு வலிக்கிறதா? நல்லது. போன வருடம் என் இறகோர் இனத்தை நடுவராக உட்கார்ந்து தள்ளிவிட்டவர் இவர்தான். "பறவை மூளை சிறியது" என்று ஒரு வரிக் குறிப்பு. காக்கை, கிளி மூளையில் நரம்பு செல்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன என்று படித்துப் பார்த்தாரா? நியூ கலிடோனியக் காக்கை குச்சியை வளைத்துக் கொக்கி செய்கிறது. அன்றைக்கு எனக்கு அறிவியல் பேசியவர் இன்றைக்குத் தண்ணீருக்குள் கொல்லன் பட்டறை போடுகிறார்.

பனிக்கடல்:
மூளைக்காகத் தள்ளவில்லை. குறிப்பின் இரண்டாவது வரியையும் போடுங்கள். உங்கள் இறகோர் 80 கிலோ எடையில் சிறகடித்துப் பறக்கிறார்கள். இன்று பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவையே சுமார் 20 கிலோவோடு நின்றுவிடுகின்றன. அதைத்தான் எழுதினேன்.

கரும்புள்ளி:
கெட்சால்கோட்லஸ் என்று ஒரு பறக்கும் ஊர்வன இருந்தது, இறக்கை விரித்தால் சுமார் 10 மீட்டர். எடை 200 கிலோவுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறார்கள். பூமியிலேயே, இதே ஈர்ப்பில். 80 கிலோ எந்த மூலைக்கு?

உலைக்களம்:
இறகோரை நானும் எதிர்த்தவன்தான். ஆனால் பறவையால் தீயைத் தொட முடியும். வட ஆஸ்திரேலியாவில் பருந்துகள் எரியும் குச்சியைத் தூக்கிப் போய்க் காய்ந்த புல்லில் போட்டு, ஓடி வருகிற இரையைப் பிடிப்பதாக அங்குள்ள பழங்குடி மக்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். நீருக்குள் அந்த வாய்ப்பே கிடையாது. செம்புக் கத்திக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பனிக்கடல்:
இதோ பதில். செம்பை உருக்கவே வேண்டாம். வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் செம்பு தாதுவாக இல்லாமல் கட்டிச் செம்பாகவே கிடைத்தது. அங்கிருந்த மக்கள் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அதைத் தட்டித் தட்டி ஈட்டிமுனை, கத்தி எல்லாம் செய்தார்கள். உருக்காமலே. உங்கள் 1085ஐ இனி உறையில் போட்டுக்கொள்ளலாம்.

உலைக்களம்:
பாத்திரப் பட்டறை வாசலில் ஒரு நாளாவது நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டீர்கள். செம்பைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொண்டே போகும். முதலில் அடி விழுந்த இடம் மெதுவாக அமுங்கும், சத்தம் மந்தமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் துள்ளும், சத்தம் கணீரென்று மாறும். அதற்கு மேலும் அடித்தால் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அனுபவசாலி அந்தச் சத்தம் மாறும்போதே நிறுத்திவிட்டு, தகட்டை நெருப்பில் சிவக்கக் காட்டி, தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி தட்டுவார். அந்த ஏரிக்கரை மக்களும் நெருப்பில் காட்டித்தான் தட்டினார்கள். மறுபடியும் தீ!

பனிக்கடல்:
சிவக்கத்தான் காட்ட வேண்டும் என்று உலோகவியல் சொல்லவில்லை சார், பட்டறை அவசரம் சொல்கிறது. நன்றாகத் தட்டி விறைத்த செம்பு 200, 300 டிகிரியிலேயே நேரம் கொடுத்தால் இளகும். என் ஊற்றில் 400 இருக்கிறது. ஊரியருக்கு அவசரமும் இல்லை. தட்டுவார்கள், ஊற்றில் வைப்பார்கள், எடுப்பார்கள், தட்டுவார்கள். தீ எங்கே வேண்டியிருக்கிறது? சொல்லுங்கள்.

உலைக்களம்:
அந்த ஊற்று நீரில் என்ன இருக்கிறது? ஹைட்ரஜன் சல்பைடு. அதில் செம்பைத் தொங்கவிட்டால் கறுத்து, பொருக்குப் பொருக்காகச் செம்பு சல்பைடாக உதிரும். நீங்கள் எடுப்பது கத்தி இல்லை, கரித்துண்டு. வெப்பம் இருக்கிறது என்று காட்டினீர்கள், வேதியியலை மறைத்துவிட்டீர்கள்.

பனிக்கடல்:
களிமண்ணில் பொதிந்து வைப்பார்கள்.

உலைக்களம்:
சுடாத களிமண் தண்ணீரில் கரையும். சுட்ட களிமண்ணுக்குத் தீ வேண்டும்.

பனிக்கடல்:
கிளிஞ்சல் ஓட்டுக்குள் வைத்து மூடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு தடை சொல்லவே உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தியப் பெருங்கடலில் ஒரு நத்தை இருக்கிறது, 2001இல் கண்டுபிடித்தார்கள், காலைச் சுற்றி இரும்பு சல்பைடு செதில்களையே வளர்த்துக்கொள்கிறது. நத்தை செய்வதை ஊரியர் செய்யக் கூடாதா? இதையும் வார்ப்பாலையில் அனுமதி வாங்கித்தான் எழுத வேண்டுமா?

உலைக்களம்:
அது தாது, உலோகம் இல்லை. வளைத்தால் வளையாது, உடையும்.

நெறியாளர்:
இரண்டு பேருக்கும் வேண்டுகோள், தொழிலைப் பற்றிய குத்தல் வேண்டாம். கரும்புள்ளி, போன வருட முடிவுகள் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது. அதை இங்கே திறக்காதீர்கள்.

கரும்புள்ளி:
முடித்தது நீங்கள். எனக்கு முடியவில்லை. மதிப்பெண் தாளை இன்றுவரை காட்டவில்லை.

மூன்றாம் நிலா:
நான் கேட்ட மொழி விஷயத்தை ஒருவரும் தொடவில்லை என்பதைக் கவனிக்கிறேன். உலைக்களம் சாருக்கும் ஒன்று சொல்கிறேன். தீ ஏதோ பிரபஞ்சத்தின் பொதுச் சொத்து மாதிரி பேசுகிறீர்கள். நிலத்தில் செடி வளர்ந்து, காற்றில் ஆக்சிஜன் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் பூமியிலேயே காட்டுத்தீ வந்தது. கிடைத்திருக்கும் மிகப் பழைய கரித்துகள்கள் சுமார் 43 கோடி வருடப் பழமை. பூமியின் வயது 450 கோடி. எரிவதற்கு எதுவுமே இல்லாத உலகங்கள்தான் அதிகமாக இருக்கலாம். அங்கே பிறந்த ஒரு மனம் எதைக் கண்டு வியக்கும், எதைக் கண்டு பயப்படும் என்று யோசிப்பதுதான் நம் வேலை. மனிதனுக்கு எட்டுக் கை ஒட்டி, கையில் கத்தி கொடுத்து அனுப்புவது இல்லை. இது பனிக்கடலுக்கும் சேர்த்துத்தான்.

பனிக்கடல்:
மேடம், நீங்களுமா? மொழியை அடுத்த பாகத்தில் விரிவாக எழுதுகிறேன், அவர்கள் உடம்பில் ஒளி உண்டு. கத்தி இருக்கும்.

உலைக்களம்:
மேடம் சொல்வதுதான் என் வாதமும். தீ இல்லாத உலகம் என்றால் தீ இல்லாத இனமாக நேர்மையாக எழுதட்டும். பாட்டு இருக்கட்டும், கணக்கு இருக்கட்டும், பாறை அடுக்கிக் கட்டிய ஊர் இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். தீ இல்லாத உலகத்தில் தீயின் பலனை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் சகிக்க முடியவில்லை. கண்ணாடி இல்லை, செங்கல் இல்லை, கம்பி இல்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் பனியைத் துளைத்துக்கொண்டு கலம் மேலே வருகிறது. எப்படி?

பனிக்கடல்:
மின்சாரத்தால். மின்விலாங்கில் 860 வோல்ட் அளந்திருக்கிறார்கள். ஊரியர் தங்கள் உடல் மின்சாரத்தால் ஊற்று நீரில் கரைந்திருக்கும் செம்பைப் படிய வைக்கிறார்கள். முலாம் பூசுகிற அதே முறை. வெப்பமே தேவையில்லை.

உலைக்களம்:
முலாம் கடையில் நேர்மின்சாரம் மணிக்கணக்கில் ஓட வேண்டும். மின்விலாங்கு கொடுப்பது கண் இமைக்கும் நேரத்தைவிடச் சிறிய துடிப்புகள். அதுவும் நன்னீர் மீன். உப்புநீரில் மின்சாரம் நாலாபக்கமும் ஓடிவிடும். கடலில் வாழும் மின் திருக்கையிடம் அவ்வளவு வோல்ட் கிடையாது. இப்படியே ஒவ்வொரு மீனாகக் கூட்டி வந்தாலும் விடிகிற வரை நான் இங்கேதான் இருப்பேன்.

முத்துக்குளி:
திருக்கை அடித்தால் கை மரத்துப் போகும் என்று அப்பா சொல்வார். அந்தச் செத்துப்போகிற தாய் விஷயம் என்னாயிற்று தம்பி?

கரும்புள்ளி:
பனிக்கடலுக்கு மட்டும் இத்தனை வாய்ப்பு. களிமண், கிளிஞ்சல், நத்தை, மின்சாரம் என்று மாற்றிக்கொண்டே போகிறார், எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். எனக்கு ஒரே வரியில் தீர்ப்பு. இறகோரின் கிரகத்தில் ஈர்ப்பு பூமியில் பாதி, காற்று அடர்த்தி என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். 80 கிலோ தாராளமாகப் பறக்கும். உலையும் வைத்திருந்தார்கள், மலை உச்சியில், காற்று வாட்டத்தில்.

பனிக்கடல்:
முதல் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. பிற்பாடு சேர்த்தீர்கள்.

கரும்புள்ளி:
பொய். பழைய பிரதி என்னிடம் இருக்கிறது, இப்போதே போடுகிறேன்.

உலைக்களம்:
போடுங்கள். போடும்போது இதையும் சொல்லுங்கள்: உங்கள் கிரகத்துக் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம்? 15, 16க்குக் கீழே இறங்கினால் விறகு பற்றாது. மலை உச்சிக்குப் போனால் காற்று இன்னும் மெலியும். உலையை ஏன் அடிவாரத்தில் வைக்கவில்லை? எண்ணைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.