சித்திரைப் புத்தாண்டில் இலை உதிர்வது ஏன்?

கேள்வி: மாரிட்ஸ்பர்க் வாசகி, தென்னாப்பிரிக்கா

வணக்கம். இம்மாதம் 14 அன்று காலையில் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதான என் மகள், "புத்தாண்டு இளவேனிலில் பிறக்கிறது என்று தமிழ் வகுப்பில் சொன்னார்கள், நம் மரமோ இலையை உதிர்க்கிறதே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. என் ஆயா (பாட்டி) இருந்தவரை எங்களுக்கு இந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஒவ்வொரு புத்தாண்டு விடியலிலும் அவர் முற்றத்துச் சிரிங்கா மரத்தின் பழுத்த இலைகளைப் பெருக்கிக் குவித்து, அங்கேயே நின்று தெற்கு நோக்கிக் கும்பிட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார். ஏன் தெற்கு என்று நான் கேட்காமலே இருந்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்பருவத்தை எவ்வாறு வரவேற்றார்கள்?

பதில்: இசிப்பிங்கோ பெரியவர்

மகளே, தமிழ்நாட்டில் மலைவேம்பு என்று அழைக்கப்படும் மரமே நமது சிரிங்கா. 1860 நவம்பர் 16 அன்று துரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கியவர்களின் வழியிலும், பின்னர் வந்தவர்களின் வழியிலும் தோன்றிய நாம், மாரியம்மனுக்கு வேப்பிலைக்குப் பதிலாக இந்த இலையைத்தான் பல இடங்களில் சாத்துகிறோம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பெருந்திருவிழா புனித வெள்ளியை ஒட்டி நடப்பதற்கு, கரும்புத் தோட்டக்காரர்கள் விடுமுறை கொடுத்த நாள் அது என்பதே காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஈஸ்டர் முழுநிலவைக் கொண்டு கணிக்கப்படுவதால், பங்குனி உத்திரமும் பல ஆண்டுகளில் அதன் அருகிலேயே வந்துவிடுகிறது. அம்மாள் நமக்கு இலையுதிர் காலத்தில்தான் வருகிறாள் என்றே குழந்தையிடம் சொல்லுங்கள்.

பதில்: தோட்டக்காரர்

பெரியவர் மன்னிக்க வேண்டும். சிரிங்கா இந்நாட்டில் பரவும் அந்நிய மரமாக அரசால் பட்டியலிடப்பட்டது. அதன் காய் நஞ்சு என்பதால், வேப்பம்பூப் பச்சடி செய்கிறேன் என்று யாரும் அதைத் தொட வேண்டாம். குழந்தையின் கேள்விக்கு விடை எளியது: நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் டிசம்பர் கடைசியிலிருந்து பகல் குறுகத் தொடங்கி, மார்ச் கடைசியில் இரவைவிடவும் குறுகிவிடுகிறது, மரம் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைத் தண்டுக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கைவிடுகிறது. நாட்காட்டி வடக்கே எழுதப்பட்டது, அவ்வளவுதான். ஆயினும் குவித்த இலையை மட்கவைத்து மடும்பி என்னும் சேப்பங்கிழங்குப் பாத்திக்குப் போடும் என் தந்தையை நினைக்கும்போது, அம்மரத்தை வெட்ட எனக்கும் மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: சாட்ஸ்வொர்த் சமையலறை

ஏப்ரலில் வேப்பம்பூ ஏது? எங்கள் வீட்டில் கசப்புக்கு வெந்தயத்தை வறுத்துப் போடுவோம். மாங்காய்ப் பருவமும் முடியும் நேரம் என்பதால், டிசம்பர் விடுமுறையில் குடும்பமே சேர்ந்து நறுக்கிப் போட்ட ஊறுகாயிலிருந்து சில துண்டுகளைக் கழுவி எடுத்து அம்மா வெல்லத்தில் சேர்ப்பார். எண்ணெய் வாடை போகவே போகாது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்த வாடை இல்லாத பச்சடி இன்று எனக்குப் புத்தாண்டுப் பச்சடியாகத் தோன்றுவதில்லை.

மாரிட்ஸ்பர்க் வாசகி

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்கீழ் எங்கள் குடும்பம் நகரின் தென்புறத்து வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு நார்த்டேலுக்கு வந்தபோது, பழைய முற்றத்து மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை ஆயா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாராம். அவற்றில் முளைத்தது ஒன்றே ஒன்று. பழைய வீட்டின் திசை தெற்கு. அந்த வீட்டில் இருந்த ஆண்டுகளுக்காகத்தான் அவர் கும்பிட்டாரா என்று அத்தையிடம் கேட்டேன். "அங்கேயும் இந்நேரம் இலை உதிர்ந்திருக்கும், பெருக்க ஆள் இல்லையே என்பாள்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை மகளையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறோம். மரம் நிற்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.