35 வாட் சிப் வாங்கினா சத்தமே வராதா? ஹால் மீடியா பிசிக்கு எந்த பிராசஸர்

வளவுக்காரன்:
பக்கத்து இழையில செக்காலைத்தம்பி எழுதியிருக்காக: "டிவிக்குக் கீழ வைக்கிற மீடியா பிசின்னா ஐ3-12100டி தான். 35 வாட். சத்தமே வராது." அதை நம்பி ரெண்டு பேர் டி சிப் எங்க கிடைக்கும்னு கேட்டு நிக்கிறாக. இதைச் சும்மா விட முடியாது. டின்னா இன்டெல் ஐ3-12100ஓட குறைஞ்ச வாட் மாடல். அந்த 35 அடிப்படைக் கணக்கு மட்டும். டர்போ ஏறினா, அதாவது வேலை கூடி வேகத்தைத் தானாக் கூட்டினா, அதே டி சிப் 69 வாட் வரைக்கும் இழுக்கும். சாதா 12100க்கு அடிப்படை 60, டர்போ 89. ரெண்டுலயும் இருக்கிறது ஒரே யுஎச்டி 730 கிராபிக்ஸ், ஒரே வீடியோ டிகோடர் (சுருக்கின வீடியோவைப் பிரிக்கிற பகுதி). எச்இவிசிங்கிற முறையில சுருக்கின 4கே 10-பிட் படம் ஓடுறப்ப டிகோடர்தான் உழைக்கும், கோர்கள் சும்மா கிடக்கும். படம் பார்க்கிற வேலைக்கு ரெண்டு சிப்பும் ஒண்ணுதான்.

செக்காலைத்தம்பி:
இன்டெல்காரனே 35னு போட்டிருக்கான். அவனுக்குத் தெரியாதது அண்ணனுக்குத் தெரியுமாக்கும். 60ஐ விட 35 கம்மி, சூடு கம்மி, ஃபேன் மெதுவா ஓடும். இதுல எங்க தப்பு?

வளவுக்காரன்:
அடிப்படை கிளாக் எவ்வளவுன்னும் அவன் போட்டிருக்கான், அதையும் படிங்க. டிக்கு 2.2 கிகாஹெர்ட்ஸ், சாதாவுக்கு 3.3. டர்போவுல டி 4.1, சாதா 4.3. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டின பஸ் மாதிரி, எஞ்சின் அதேதான். அந்தக் கட்டுப்பாட்டை சாதா சிப்புக்கு நாமளே பயாஸ்ல (மதர்போர்டோட அமைப்புத் திரை) போட்டுக்கலாம். டி சிப் பெரும்பாலும் பெட்டி இல்லாம ட்ரேயில வர்றது. கூலர் கிடையாது, வாரண்டிக்கு வித்தவரைத்தான் பிடிக்கணும். சாதா 12100 பெட்டியில லாமினார் ஆர்எம்1 கூலரோடயே வருது.

தேவகோட்டை ரஸ்தா:
ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கிறீக? இன்டெல் என்100 வாங்குங்க. 6 வாட். போர்டுலயே சிப், மேல ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் துண்டு), ஃபேனே கிடையாது. ஏவி1ங்கிற புது வீடியோ முறைக்கும் டிகோட் உண்டு. 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற போர்டும் இருக்கு, பவர் சப்ளை ஃபேன் தொல்லையும் போச்சு.

வளவுக்காரன்:
அந்த 6 வாட்டும் இதே கதைதான். டர்போவுல அது 20க்கு மேல போக நிறைய போர்டு விட்டுவிடும். நாலே கோர், ஒரே மெமரி சேனல், கார்டு, எஸ்எஸ்டி இணைக்க ஒன்பதே பிசிஐஇ லேன். நாலு டிபி படம் போட்ட கோடி (Kodi, படம் ஓட்டுற ஆப்) லைப்ரரியை ஸ்கேன் பண்ணிக்கிட்டே பிரவுசரும் திறந்தா தடுமாறும். படம் மட்டும்னா நல்ல சிப், மறுக்கலை. ஆனா இங்க பேச்சு 35 வாட் பத்தி.

ஆத்தங்குடிப் பேரன்:
வாட்டை வச்சே பேசுறீங்களே, ஹாலைப் பாருங்கப்பா. கீழ ஆத்தங்குடிக் கல்லு, சுவர்ல மெழுகின சுண்ணாம்புப் பூச்சு, மேல உசரமான கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலை கூட இருக்காது. மெத்தை போட்ட அறையில காதுல விழாத ஃபேன் இந்த மாதிரி பட்டாலை ஹால்ல கணீர்னு கேக்கும். பார்க்க வேண்டியது சுத்து வேகம். 1200ல ஓடுற ஃபேனை 600க்கு இறக்கினா சுமார் 15 டெசிபல் குறையும். அதுக்குப் பெரிய ஹீட்சிங்க் வேணும். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போட்டு, 120 மி.மீ ஃபேன் டவர் கூலர் மாட்டினா கதை முடிஞ்சுது.

வளவுக்காரன்:
ஃபேன் கணக்கு சரி, சிப் தப்பு. 5600ஜியில ஏவி1 டிகோடர் கிடையாது. யூடியூப்ல 4கே ஏவி1 வந்துச்சுன்னா ஆறு கோரும் சேர்ந்து மென்பொருள்ல பிரிக்கணும். வாட் ஏறும், ஃபேன் ஏறும், நீங்க சொன்ன கணீர் வரும். ஏஎம்டிதான் வேணும்னா 8600ஜி போங்க. அதுக்கு ஏஎம்5 சாக்கெட் போர்டு, டிடிஆர்5 மெமரின்னு செலவு வேற.

ஆத்தங்குடிப் பேரன்:
பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு ஏவி1ஐ அடைச்சா யூடியூப் விபி9ங்கிற பழைய முறையில தரும். அதை 5600ஜியில இருக்கிற வேகா கிராபிக்ஸ் டிகோட் பண்ணும். இது தெரியாம ஒரு சிப்பையே தள்ளி வைப்பீங்களா?

செக்காலைத்தம்பி:
35 கேட்டவனுக்கு 5600ஜி, 8600ஜின்னு 65 வாட் சிப். நல்லா இருக்கு. அண்ணன் போன மாசம் பவர் சப்ளை இழையிலயும் இப்படித்தான், தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

வளவுக்காரன்:
பவர் சப்ளை இழையை இழுக்காதீக, அங்க யார் பதில் சொல்லாம ஓடினாகன்னு எல்லாருக்கும் தெரியும். 35 வேணுமா, இந்தா. பயாஸ்ல சிபியு பவர் பக்கம் போங்க. லாங் டியூரேஷன் பவர் லிமிட்டுக்கு (தொடர்ந்து இழுக்கிற வரம்பு) 35, ஷார்ட் டியூரேஷனுக்கு (கொஞ்ச நேரத்துக்கு மட்டும்) 45. எஃப்10 அடிச்சு சேமிங்க. விண்டோஸ்ல எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து பேக்கேஜ் பவரை (சிப் மொத்தமா இழுக்கிற வாட்) பாருங்க, லினக்ஸ்னா டர்போஸ்டாட். சில மலிவு எச்610 சிப்செட் போர்டுல இந்த வரியே இருக்காது, அதனால வாங்குறதுக்கு முன்னாடி மேனுவலை இறக்கிப் பார்த்துக்கணும்.

அடுத்தது ஃபேன் கர்வ், எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்ங்கிற கணக்கு. 60 டிகிரி வரைக்கும் 30 சதம், 75ல 50, 90ல முழு வேகம். 12100க்கு உச்ச வரம்பு 100 டிகிரி, 70ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஸ்டெப் அப் டைம்னு ஒண்ணு இருக்கும், ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கிற நேரம், அதைக் கூட்டி வைங்க. பிரவுசர்ல ஒரு பக்கம் திறந்ததும் சூடு ஒரு விநாடி குதிக்கும், ஃபேன் "உய்ங்"னு ஏறி இறங்கும். ஒரே சீரா ஓடுற சத்தத்தை விட இந்த ஏத்த இறக்கம்தான் படத்துக்கு நடுவுல எரிச்சல்.

செக்காலைத்தம்பி:
இவ்வளவு பாடு எதுக்கு? டி சிப்பை மாட்டினா வேலை முடிஞ்சுது. பெட்டியிலேர்ந்து எடுக்கும்போதே 35.

வளவுக்காரன்:
பெட்டியே இல்லைன்னு மேல சொல்லியாச்சு. மாட்டினாலும் நிறைய போர்டு அந்த வரம்பைத் தானாத் தூக்கி விட்டுவிடும். டி போட்டாலும் பயாஸுக்குப் போயே ஆகணும்.

புதுவயல்:
சிப் எதுவா இருந்தாலும் எச்டிஎம்ஐ போர்ட்டைப் பார்க்காம வாங்காதீங்க. போர்டு விவரத்துல 4096×2160க்கு 60 ஹெர்ட்ஸ்னு இருக்கணும். சிலதுல 30தான் வரும். 24 ஃபிரேம் படம் 30ல ஓடினா நகர்ற காட்சியெல்லாம் இழுத்து இழுத்துப் போகும். கோடியில "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்" ஆன் பண்ணினா 23.976லயே ஓடும்.

தேவகோட்டை ரஸ்தா:
பிசியை எங்க வைக்கிறீகன்னு ஒருத்தரும் சொல்லலையே. சுவர் அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தினா வைகாசியில உள்ள 45 டிகிரி நிக்கும். கூலர் வாட்டுக்கு 0.6 டிகிரி ஏத்தும்னு வைங்க. 35 வாட்னா சுத்தியுள்ள காத்தை விட 21 டிகிரி கூட. ஹால்ல 36னா 57ல நிக்கிறது அலமாரிக்குள்ள 66 ஆகும். பின் பலகையில 120 மி.மீ ஓட்டை ஒண்ணு போடுங்க.

ஆத்தங்குடிப் பேரன்:
பர்மா தேக்குல ஓட்டையா? அப்பு, அந்தப் பலகையை இன்னைக்கு எங்க போய் வாங்குறது? கதவைத் திறந்து வைங்க, இல்ல வெளிய மேஜை மேல வைங்க. ஒரு கம்ப்யூட்டருக்காக அலமாரியைக் குடையறதாம்.

தேவகோட்டை ரஸ்தா:
வெளிய வச்சா கூரையிலேர்ந்து உதிர்ற சுண்ணாம்புத் தூள் முழுக்க ஹீட்சிங்க்லதான். ஃபில்டர் வலை போட்டா காத்து குறையும், ஃபேன் வேகம் கூடும். ஓட்டைக்குப் பயந்தா இதுதான்.

வளவுக்காரன்:
அலமாரியில ஓட்டை போட்டாலும் போடாட்டியும் 35 வாட் வரம்பு பயாஸ்லதான் இருக்கு. யாராவது டி சிப்பையும் சாதா சிப்பையும் ஒரே போர்டுல, ஒரே கூலர்ல ஓட்டி, படம் ஓடும்போது பேக்கேஜ் பவரைப் படம் பிடிச்சுப் போடுங்க. போட முடியாது, ஏன்னா வித்தியாசம் இருக்காது.

செக்காலைத்தம்பி:
நீங்களே போடுங்க. அதுவரைக்கும் இன்டெல் சொன்ன 35தான் எனக்கு 35.

புதுவயல்:
இன்வெர்ட்டர்ல ஓட்டுற ஆளுக யாராவது இருக்கீங்களா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா பிசியோட பவர் சப்ளையே முனகும், கரண்டு மாறுற நொடியில சிலது அணைஞ்சே போயிடும். சைன் வேவ் வாங்காம இங்க வாட் எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

செக்காலைத்தம்பி:
சரியாச் சொன்னீக. இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப பேட்டரி நிக்கணும்னாலும் 35 வாட்தான்.

வளவுக்காரன்:
பேட்டரி கணக்கு பார்க்கிறதுன்னா சுவர் சாக்கெட்ல மீட்டர் மாட்டிப் பாருங்க. டிவி மட்டுமே நூறு வாட் கிட்ட எடுக்கும், அதுக்கு என்ன டி மாடலா வாங்குவீக?