பாரதி பாட்டு, குறள் உரை, கிட்ஹப் கோடு: ஆப்ல எதையெல்லாம் போடலாம்?

வியாசர்பாடி_டியூஷன்:
வணக்கம் நண்பர்களே, வியாசர்பாடில சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், பசங்களுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் பண்ணிட்டு இருக்கேன், பாரதியார் பாட்டும் குறளும் படிக்கவும் கேக்கவும் வர்ற மாதிரி. டெக்ஸ்ட் மதுரைத் திட்டம்ங்கற இலவச தமிழ் மின்னூல் தளத்துல எடுத்தேன், குறளுக்கு கடைல வாங்கின ஒரு புக்ல இருந்த எளிய உரைய டைப் பண்ணிட்டேன், ஆடியோவுக்கு பழைய படத்துல வந்த பாரதி பாட்ட யூடியூப்ல இருந்து இறக்கலாம்னு இருக்கேன். ஆப்போட பாதி கோடு, கோடு பகிர்ற கிட்ஹப் தளத்துல ஒருத்தர் போட்டது, ஜிபிஎல்னு ஒரு லைசென்ஸ் போட்டிருக்கு. சர்வர் செலவுக்கு 50 ரூபா வெச்சு விக்கலாமா? பாரதி நாட்டுடைமைதானே அப்புறம் என்னன்னு ஃப்ரெண்டு சொல்றான், எனக்கு மனசு ஒப்பல.

தரமணி_வாசகி:
பாரதி எழுத்த தாராளமா போடுங்க. அவர் பாட்ட ரெக்கார்டு பண்ற உரிமை ஒரு காலத்துல ஏவி.மெய்யப்பச் செட்டியார் கைல இருந்துச்சு, 1949ல அரசு உரிமைய எடுத்து அப்புறம் மக்களுக்கே விட்டுடுச்சு. நாட்டுடைமை ஆகாதவங்களுக்கு நம்ம சட்டப்படி இறந்த வருஷம் முடிஞ்சு 60 வருஷம், உ.வே.சா. 1942ல காலமானார்னா 2003 ஜனவரி 1ல இருந்து அவர் எழுதினது பொதுச்சொத்து. மதுரைத் திட்ட ஃபைல பகிரும்போது முதல் பக்கத்துல இருக்கற அவங்க குறிப்ப எடுக்காதீங்க, அத உக்காந்து தட்டச்சு பண்ணினவங்க எல்லாரும் தன்னார்வலர்கள்.

ஆனா அந்த எளிய உரை வேணாம். குறள் யாருக்கும் சொந்தமில்ல, உரை எழுதினவருக்கு உரை சொந்தம், அவர் உயிரோட இருந்தா அவர்கிட்ட கேக்கணும். பரிமேலழகர் உரைன்னா பிரச்சனை இல்ல, ஆனா பசங்களுக்குப் புரியாது, அதனால நீங்களே நாலு வரி எழுதிடுங்க. சினிமா ஆடியோவும் அப்படித்தான், வரி பாரதியோடது, மெட்டு இசையமைப்பாளரோடது, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, அது வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம் ஓடும். 1970ல வந்த ரெக்கார்டுன்னா 2030 முடியற வரைக்கும் கை வெக்க முடியாது. மெட்டுக்கு இசையமைப்பாளர் இறந்ததுல இருந்து கணக்கு, அது இன்னும் தள்ளிப் போகலாம்.

பெரம்பூர்_பைத்தான்:
கோடு பத்தி நான் சொல்றேன். ஜிபிஎல் கோட வெச்சு காசு வாங்கலாம், தடையே இல்ல, 50 இல்ல 500 கூட வாங்கலாம். ஆனா ஆப்ப வாங்கினவங்களுக்கு சோர்ஸ் கோடும் கெடைக்கணும், நீங்க அதோட சேத்து எழுதின பாதியும் ஜிபிஎல்தான் ஆகும், வாங்கினவர் அத இன்னொருத்தருக்கு சும்மா குடுத்தாலும் நீங்க தடுக்க முடியாது. எம்ஐடின்னு இன்னொரு லைசென்ஸ் இருக்கு, அதுன்னா பழைய பதிப்புரிமை வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் அப்படியே வெச்சா போதும், உங்க கோட வெளிய காட்டாம வெச்சுக்கலாம். கவனிக்க வேண்டியது லைசென்ஸே போடாத ரெப்போ, அதாவது கிட்ஹப்ல ஒருத்தர் கோடு போட்டு வெச்சிருக்கற இடம், எல்லாருக்கும் தெரியுதுங்கறதால எடுத்துக்கலாம்னு அர்த்தம் இல்ல, எழுதினவர் அனுமதி தரல அவ்ளோதான், அந்தப் பக்கத்துலயே இஷ்யூங்கற எடத்துல ஒரு கேள்வி போட்டு கேளுங்க, நெறைய பேரு சந்தோஷமா லைசென்ஸ் சேத்துடுவாங்க. ஃபான்ட்டுக்கு நோட்டோ தமிழ் போடுங்க, அது ஓஎஃப்எல்ங்கற ஃபான்ட் லைசென்ஸ்ல வருது, ஆப்போட சேத்து விக்கலாம், ஃபான்ட்ட மட்டும் தனியா விக்கக் கூடாது.

என்னக் கேட்டா முழு ஆப்பையும் ஜிபிஎல்லயே விடுங்க. நாளைக்கு எண்ணூர்ல ஒரு டீச்சர் இத எடுத்து ஔவையார் பாட்டு சேப்பாங்க, அது திரும்ப உங்க பசங்களுக்கும் வரும். பொதுச்சொத்துல இருந்து எடுத்து கட்டினத பூட்டி வெக்கறது எனக்கு சரியாப் படல.

வியாசர்பாடி_டியூஷன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், உரைய தூக்கிட்டேன். ஆடியோக்கு எங்க பசங்களையே பாட வெச்சா?

தரமணி_வாசகி:
அதான் சரி, சொந்த மெட்டுல பாடட்டும். பாடறவங்களுக்கும் சட்டத்துல உரிமை உண்டு, அதனால ஒவ்வொரு பையன் பொண்ணு வீட்லயும் அப்பா அம்மா கிட்ட எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, ஆடியோவ எந்த லைசென்ஸ்ல விடப் போறீங்கன்னும் அதுலயே போட்டுடுங்க.