என் பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதலாமா?

கேள்வி (மெக்கானிக்கல், கடைசி ஆண்டு மாணவி):
அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க 5 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒவ்வொன்றும் 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்கிறது. துறைத்தலைவரிடம் போனேன். "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கடிதத்தை ஏற்றும் இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் வரும் சார் என்றதும், பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்! டிசம்பர் 15 கடைசி நாள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்தில் வேறு கேட்கிறார்கள். நானே எழுதியதை நானே பார்க்கமாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டுமாம்.

பழைய மாணவன்:
முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அவர் பெயரில் நீங்கள் ஏற்றினால் அது மோசடி. தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். என் நண்பனின் 3 கடிதங்களும் அவன் கைவண்ணம்தான். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை!

ஓய்வுபெற்ற ஆசிரியை:
உங்கள் சாரைச் சோம்பேறி என்று நினைக்காதே அம்மா. தீபாவளி முடிந்ததும் அவர் அறை வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று நானும் வருடக்கணக்காக எழுதித் தள்ளியவள்தான். அந்த முகங்களில் ஒன்றுகூட நினைவில்லை.

ஒருத்தி மட்டும் நினைவிருக்கிறாள். ஆய்வகத்தில் பம்ப்பை நிறுத்திய பிறகும் பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வராது. எல்லாரும் முள் காட்டியதை அப்படியே நோட்டில் எழுதிப் போனார்கள். அவள்தான் அந்தப் பிழையைக் கழித்துக் கணக்குப் போட்டு, "மேடம், இந்தக் கேஜை மாற்றுங்கள்" என்றாள். அவளுக்குக் கடிதம் எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நீயும் கடிதமாக எழுதாதே. எந்த ஆய்வகம், எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தாய் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடு. அதையும் துறைத்தலைவரிடம் அல்ல, உன் புராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் கொடு. பதவியைவிட உன்னைத் தெரிந்தவர் முக்கியம். உரிமையை விட்டுக்கொடுத்துவிடு. சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம் என்கிறது ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். அதை விட்டுக்கொடுத்தால்தான் ஆசிரியர் தயங்காமல் எழுதியிருப்பார் என்று அங்கே நம்புவார்கள்.

கேட்டவர்:
நன்றி மேடம். சீட்டைக் கிழித்துவிட்டேன். புராஜெக்ட் சாரிடம் குறிப்பைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த வெல்டிங் மூன்று முறை விட்டுப்போனதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.