ஆற்றங்கரைப் பழைய ஆலை நிலம்: அரை மீட்டர் மண்ணை அள்ளினால் போதுமா?

கரையோரவாசி (கேள்வி)

எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஆற்றங்கரையில் உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குரோமிய முலாம்தான் முக்கிய வேலை. மூடி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கட்டடங்களை இடித்துவிட்டுப் பூங்கா அமைக்கப் போகிறார்கள். மேல்மண்ணை அரை மீட்டர் அள்ளி லாரியில் அனுப்பிவிட்டு, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து பரப்பிப் புல் வளர்ப்பது திட்டம். பத்து இடங்களில் மேல்மண் எடுத்துச் சோதித்ததாக ஓர் அறிக்கையும் தந்திருக்கிறார்கள். அதில் ‘மொத்தக் குரோமியம்’ என்று ஒரே ஒரு எண்தான் இருக்கிறது.

போன வாரம் பழைய தொட்டியின் அடித்தளத்தைப் பெயர்த்தார்கள். அந்தக் குழியில் மறுநாள் காலை முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது, ஆனால் மஞ்சளாக இருந்தது. மழை பெய்யவில்லை.

நான் வரலாற்று ஆசிரியை. வேதியியல் தெரியாது. என் மகளுக்கு ஏழு வயது; பூங்கா வந்தால் அவள் விளையாடப் போவது அந்தப் புல்லில்தான். இரண்டு வாரத்தில் கலந்தாய்வுக் கூட்டம். அங்கே நான் என்ன கேட்க வேண்டும்?

துளைமேற்பார்வை

அம்மா, முதலில் அந்தக் குழியைச் சுற்றி இன்றே வேலி போடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை ஆற்றுக்கோ வடிகாலுக்கோ இறைக்க யாரையும் விடாதீர்கள். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது, காரணம் குரோமேட் (நீரில் கரையும் நச்சுக் குரோமிய வகை) என்றால், அது குடிநீருக்கான அளவைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் எந்த நிறமும் தெரியாது. ஆகவே நாளை நிறம் வெளுத்துவிட்டாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இத்தகைய நிலங்களில் துளையிட்டு மண்ணும் நீரும் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வி எனக்குப் பழைய காயம் ஒன்றைத் தொடுகிறது. தொழிலில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இதே போல் ஆற்றோரம், இதே போல் முலாம் ஆலை. நாங்கள் அரை மீட்டர் அல்ல, ஒரு மீட்டர் அள்ளினோம். நான்கு மாதம் லாரிகள் ஓடின. குழியின் அடியிலும் சுவரிலும் மண் எடுத்துச் சோதித்தோம், எல்லாம் அளவுக்குள் இருந்தன. அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. அடுத்த பருவத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தது. அது வடிந்த மூன்றாம் நாள் கரைச் சரிவில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, மஞ்சளாக ஒரு கோடு கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் மண்ணைத்தான் பார்த்தோம், அடியில் இருந்த தண்ணீரைப் பார்க்கவே இல்லை. நிலத்தடி நீரின் மட்டத்தையும் தரத்தையும் அளப்பதற்கான கண்காணிப்புக் கிணறு கேட்டபோது செலவு என்று மறுத்தார்கள். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

ஆற்றங்கரை நிலம் மற்ற நிலம் போல் அல்ல. பெரும்பாலான நாட்களில் நிலத்தடி நீர் ஆற்றை நோக்கி மெல்ல நகர்கிறது. வெள்ளம் வரும்போது ஆறு உயர்ந்து, தண்ணீர் கரைக்குள்ளே புகுகிறது. அதுவரை நனையாத உயரத்தில் இருந்த மண்ணையும் அது நனைக்கிறது. வெள்ளம் வடியும்போது அந்த நீர் திரும்பி ஆற்றுக்கு வருகிறது, கரைந்ததை எல்லாம் சுமந்துகொண்டு. அரை மீட்டர் மண்ணை மாற்றினால் புல்லுக்கும் குழந்தையின் கைக்கும் இடையே தடுப்பு கிடைக்கும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது தேவைதான். ஆனால் அடியில் நடக்கும் இந்தப் போக்குவரத்தை அது தொடாது.

இன்னொன்று. பழைய ஆலைகள் கரையை உயர்த்துவதற்குக் கையில் கிடைத்ததைக் கொட்டியிருக்கும்: சாம்பல், கசடு, உடைந்த செங்கல். அந்தக் கொட்டுமண்ணில் ஓர் அடிக்கு ஒரு குணம். பத்து மேல்மண் மாதிரி அதில் எதையும் சொல்லாது. பழைய வரைபடங்களைத் தேடுங்கள். வரலாற்று ஆசிரியை என்கிறீர்களே, இந்த வேலையை உங்களைவிடச் சிறப்பாக யாரும் செய்ய முடியாது. தொட்டிகள் எங்கே இருந்தன, கழிவு வாய்க்கால் எந்த வழியாகப் போனது, ஆறு முன்பு எங்கே ஓடியது. துளை எங்கே போடுவது என்பது அங்கிருந்துதான் தெரியும். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் யாராவது இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது கண்காணிப்புக் கிணறுகள். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். ஆற்றங்கரையில் நான் நான்குக்குக் குறைவாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வறண்ட காலம், வெள்ளக் காலம் இரண்டிலும் அளக்க வேண்டும். துளையிடும்போது அடியில் இருக்கும் களிமண் அடுக்கைக் கவனமில்லாமல் குத்தித் துளைத்துவிடக் கூடாது. அதுவரை மேலே தங்கியிருந்த நஞ்சுக்கு நாமே கீழே வழி திறந்துவிட்டது போலாகும்.

சோதனைக்குழாய்

ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘மொத்தக் குரோமியம்’ என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது, அதாவது மேலே சொன்ன குரோமேட், நீரில் கரைந்து ஓடும். புற்றுநோய்க்குக் காரணமாவதும் அதுதான். இரண்டையும் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். நீர் மாதிரியை உலோகச் சோதனைக்கு வழக்கமாகத் தரும் அமிலம் ஊற்றிய புட்டியில் எடுத்தால், ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டதாக மாறிவிடக்கூடும். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்காது. அமிலம் சேர்க்காமல், வடிகட்டி, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன்.

பச்சைவிரல்

சுண்ணாம்பு கலந்து விட்டால் உலோகம் எல்லாம் மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். கூடவே சூரியகாந்தி நட்டால் மிச்சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளாதா? தோண்டுவதைவிட அது இயற்கையான வழி அல்லவா?

துளைமேற்பார்வை

நல்ல நோக்கத்தில் கேட்கிறீர்கள், ஆனால் இங்கே சுண்ணாம்பு வேண்டாம். ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கு அது உதவும். குரோமேட் காரத்தன்மை கூடினால் மண்ணை விட்டு இன்னும் எளிதாகக் கழன்றுகொள்ளும். இதற்கு எதிர்வழிதான் சரி: அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) போன்ற ஒடுக்கும் பொருளைக் கொடுத்து, ஆறு இணைதிறன் குரோமியத்தை மண்ணில் ஒட்டும் மூன்று இணைதிறன் வகையாக்குவது. செடிகள் மேல்மண்ணோடு சரி, வேர் எட்டாத ஆழத்தில் ஓடும் நீரை அவை என்ன செய்யும்? ஒரு வகைப் பெரணி ஆர்செனிக்கை அபாரமாக உறிஞ்சுகிறது என்று 2001-இல் கண்டறிந்தார்கள். அது உண்மை, ஆனால் ஆர்செனிக்குக்குத்தான்.

அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில், பாஸ்குவோடேங்க் ஆற்றங்கரையில், ஏறக்குறைய இதே சிக்கல் இருந்தது. கடலோரக் காவல்படைத் தளத்தின் முலாம் கூடத்திலிருந்து குரோமியம் கசிந்து நிலத்தடி நீரோடு ஆற்றை நோக்கி நகர்ந்தது. 1996-இல் ஓட்டத்தின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புத் துகளால் நிரப்பினார்கள்: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலம். தண்ணீர் அந்தச் சுவரின் வழியே தானாகவே போகும், குரோமியம் உள்ளேயே மாறித் தங்கிவிடும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அளந்த பிறகுதான் சுவரை எங்கே வைப்பது என்று தெரியும். நான் கிணறு கிணறு என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மிக மோசமான மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டும்போது ஊறும் நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இருக்கிறதா, கரை சரியாமல் இரும்புத் தகடு அறைவார்களா, லாரிகளைத் தார்ப்பாய் மூடிச் சக்கரம் கழுவி அனுப்புவார்களா, அந்த மண் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கரையோரவாசி

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். குழிக்கு வேலி போட்டுவிட்டார்கள். இரண்டு வகைக் குரோமியத்தையும் பிரித்து அளக்கச் சம்மதித்தார்கள். கிணறு மூன்று போதும் என்றார்கள். நான் நான்கு என்று நின்றேன், நான்குக்கு ஒப்புக்கொண்டார்கள். வெள்ளக் காலம் வரை காத்திருப்பதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.

ஆலையில் தொட்டி கழுவும் வேலை பார்த்த ஒரு முதியவரைச் சந்தித்தேன். கழுவிய நீர் போன வாய்க்காலைக் கைத்தடியால் மண்ணில் கோடிழுத்துக் காட்டினார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. நான் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். நான்காவது கிணறு அந்த இடத்தில் வருகிறது.

வேலிக்கு வெளியே நின்று தினமும் குழியின் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறேன். நேற்று ஆற்றில் நீர்வரத்து கூடியது. இன்று காலை குழியில் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது.