அம்மாவுக்கு சிஓபிடி, ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?

அம்மாவுக்கு சிஓபிடிங்க (மூச்சுக்குழாய் அடைப்பால மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் நோய்), பீடி சிகரெட் எதுவும் கிடையாது, ரொம்ப வருஷம் விறகடுப்பை ஊதி ஊதி சமைச்சவங்க. இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறாங்க, ஆனா நாங்க இருக்கறது சென்னை மணலி பக்கம், லாரி புழுதி, போகி வந்தா டயர் புகை வேற, ஜன்னல சாத்தினாலும் ராத்திரி இழுப்பு வந்துடுது. ரூம் 12க்கு 14 அடி, ஹெப்பா ஃபில்டர் (நுண்ணிய தூசியையும் பிடிக்கறது), சிஏடிஆர் (மெஷின் சுத்தமாக்கித் தர்ற காத்தோட அளவு) மணிக்கு 200 கனமீட்டருக்கு மேல இருக்கறதா பாக்குறேன். கடைக்காரர் அயனைசர் (காத்துல மின்னூட்டம் ஏத்தி தூசிய படிய வைக்கறது) மாடலையே தள்ளப் பாக்குறாரு, சிலதுல ஓசோன் வருமே, நுரையீரலுக்கு ஆகாதே! வீட்ல யூஸ் பண்றவங்க சொல்லுங்க, இருமல் நிஜமாவே குறைஞ்சுதா, சத்தம் தூக்கத்த கெடுக்குதா, ஃபில்டர் மாத்த வருஷத்துக்கு எவ்ளோ ஆகுது? ஊதுபத்திய நிறுத்துங்கன்னா மட்டும் கேக்கவே மாட்டேங்குறாங்க, அதுக்கும் ஐடியா இருந்தா குடுங்க.